முதலில் துப்பாக்கி வாங்காதீர்கள்

திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான், நான் ஏர் பிஸ்டல் சுடப் போய்விடுவேன். இந்த விஷயம் தெருவுக்குத் தெரிந்ததிலிருந்து மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரு கேள்வியும் கவுன்டருக்கு வருகிறது: "அக்கா, நல்ல கன் எது? எவ்வளவு ஆகும்?" 2022 ஜூலையில் நடிகர் அஜித் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்து பதக்கங்களோடு போனபோது இப்படிக் கேட்டவர்கள் அதிகம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கிச் சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கியதும் மறுபடி கூட்டம். இந்த முறை கேட்டவர்களில் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிறைய.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் துப்பாக்கி வாங்காதீர்கள். ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் சுடுங்கள், அப்புறமும் ஆசை இருந்தால் பார்க்கலாம். இந்த விளையாட்டில் துப்பாக்கி உங்கள் கையில் இருக்கப்போவது வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் அது உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் கிடக்கும். அந்த மீதி நேரத்துக்கும் தயாராக இருக்கிறவர்கள் வாங்கட்டும். கீழே எழுதியிருப்பதில் கணிசமான பங்கு அதைப் பற்றித்தான்.

பிஸ்டலா, ரைஃபிளா?

தொடக்கத்தில் இரண்டுமே 10 மீட்டர் தூரம், காற்றழுத்தத்தில் சுடுவது, 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட். ரைஃபிள் டார்கெட்டின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பெல்லட் அதைத் தொட்டாலே பத்து மதிப்பெண். பெரிய போட்டிகளில் பத்தையும் பொடிப்பொடியாகப் பிரித்து 10.9 வரை எண்ணுகிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தப் பிரிவு வீராங்கனை. பிஸ்டலில் பத்தாம் வட்டம் 11.5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பட்டன் அளவு. தாராளமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பிஸ்டலை ஒற்றைக் கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிப் பிடித்தாக வேண்டும்.

ரைஃபிளுக்கு விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட், தனி பூட்ஸ், கையுறை எல்லாம் வேண்டும். முதுகையும் இடுப்பையும் அசையாமல் பிடித்துக்கொள்வது அந்த உடைதான். திருச்சியின் மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நிற்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏசி ரேஞ்ச் எல்லா ஊரிலும் இல்லை. பிஸ்டலுக்குத் தட்டையான அடியுள்ள ஷூவும் பருத்திச் சட்டையும் போதும். நான் பிஸ்டலுக்குப் போனதற்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது, வியர்வைதான் காரணம்.

கிளப்பில் எதைப் பார்ப்பது?

சென்னை, கோவை, திருச்சியில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. வேறு பல ஊர்களில் தனியார் அகாடமிகள் வந்துவிட்டன. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், நேரில் போய்க் கேளுங்கள். போனதும் சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கிகளையும் கோப்பைகளையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மூலையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

சுடாத நேரத்தில் துப்பாக்கிகளில் சேஃப்டி ஃப்ளாக் செருகியிருக்கிறதா? பளிச்சென்ற ஆரஞ்சோ மஞ்சளோ நிறத்தில், நீளமான பிளாஸ்டிக் இழை. பெல்லட் வைக்கிற இடத்தில் நுழைத்தால் அதன் நுனி பேரல் (துப்பாக்கிக் குழல்) முனைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அது தெரிகிறது என்றால் உள்ளே பெல்லட் இல்லை என்று அறையின் மறுகோடியில் இருப்பவருக்கும் புரியும். யாராவது டார்கெட் மாற்ற முன்னே நடக்கும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் பின்னால் தள்ளி நிற்கிறார்களா? தப்பு செய்கிற மூத்த உறுப்பினரையும் கோச் அதட்டுகிறாரா? கை கழுவ வாஷ்பேசினும் சோப்பும் இருக்கின்றனவா? நாலுக்கும் ஆமாம் என்றால் சேருங்கள். துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து செல்ஃபி எடுக்க விடுகிற இடமாக இருந்தால், கட்டணம் இலவசம் என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் நாள் சுட விடமாட்டார்கள், அல்லது கடைசியில் ஐந்தாறு ஷாட்டுக்கு விடுவார்கள். அது சரிதான். அதற்கு முன் நாலு விஷயம் கைக்குப் பழக வேண்டும். கையில் எடுக்கிற துப்பாக்கி எதுவாக இருந்தாலும் உள்ளே பெல்லட் இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். பேரல் முனை எப்போதும் டார்கெட் பக்கம். சுடுகிற வினாடி வரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. டார்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிக்க இரண்டு நிமிடம் போதும். கை தானாகச் செய்ய மாதங்கள் ஆகும்.

புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று சொல்கிறேன். யாரும் வேண்டுமென்றே பக்கத்து ஆளைக் குறிபார்ப்பதில்லை. பெல்லட் சரியாக உட்காரவில்லை, மூடி மூடவில்லை, டிரிகர் அழுத்தியும் சத்தம் வரவில்லை. உடனே "சார், மாட்டிக்கிச்சு" என்று துப்பாக்கியோடு திரும்புகிறார்கள். முகம் கோச் பக்கம் திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு கை, கையோடு பேரல். அந்த அரைவட்டத்தில் பக்கத்து லேன்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். செய்ய வேண்டியது: பிஸ்டலைப் பிடித்தபடியே முனையை டார்கெட் பக்கம் வைத்து மேசைமேல் இறக்கிவையுங்கள். உடம்பைத் திருப்பாமல் இடது கையை உயர்த்துங்கள். கோச் உங்களிடம் வருவார். அவர் வரத் தாமதமானால் சும்மா நில்லுங்கள்.

இன்னொன்று, "ஸ்டாப்" என்ற குரல் எங்கிருந்து வந்தாலும், யார் சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும். சொன்னவர் பத்து வயசுப் பையனாக இருந்தாலும் சரி, காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நிற்பது, பிடிப்பது, பார்ப்பது

வலது கைக்காரர் என்றே வைத்துச் சொல்கிறேன். டார்கெட்டுக்குக் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் நில்லுங்கள், பாதங்கள் தோள் அகலத்துக்கு விலகி இருக்கட்டும். இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுவிடுங்கள். சுடிதாரில் வருகிறவர்கள் பாக்கெட் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு பெல்ட். தொங்கவிட்ட கை ஆடும், உடம்பையும் ஆட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, இயல்பாக நிற்கிற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் திறந்து பாருங்கள். டார்கெட்டுக்கு இடப்புறம் காட்டுகிறதா? கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பின்காலை ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள், உடம்பே திரும்பும். மறுபடி கண்ணை மூடிச் சோதியுங்கள். கையால் இழுத்துவைத்த குறி டிரிகர் அழுத்தும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிப்போகும்.

இப்போது பார்வை. இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிஸ்டலின் பின்முனையில் ஒரு பள்ளம், ரியர் சைட். முன்முனையில் ஒரு சதுரக் கட்டை, ஃப்ரண்ட் சைட். கட்டை பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டும், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம், தலைகள் ஒரே மட்டம். கண் கூர்மையாகப் பார்க்க வேண்டியது ஃப்ரண்ட் சைட்டை. டார்கெட்டின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியும், தெரியட்டும். அந்த வட்டத்தின் நடுவைக் குறிபார்ப்பதும் இல்லை. அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் சைட்டை நிறுத்துகிறோம், பெல்லட் மேலே போய் விழும்படி சைட் திருகப்பட்டிருக்கும்.

டார்கெட்டைப் பார்க்காமல் எப்படி அடிப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு எளிது. இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர். டார்கெட் 10 மீட்டர் தள்ளி, அதாவது முப்பது மடங்கு தூரத்தில். கை முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளி விழும், இன்னும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு மடங்கி ஃப்ரண்ட் சைட் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் பெல்லட் மூன்று சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். கை ஆடத்தான் செய்யும், உலகச் சாம்பியனுக்கும் ஆடும். மணிக்கட்டைப் பூட்டிவைத்து, ஃப்ரண்ட் சைட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் அந்த ஆட்டம் பெரிய நஷ்டம் செய்யாது.

மூச்சை இழுத்தபடி உயர்த்தி, பாதி விட்டு நிறுத்தி, பிஸ்டலைக் கறுப்புக்குக் கீழே இறக்கி நிறுத்துங்கள். ஏழெட்டு வினாடிக்குள் ஷாட் போய்விட வேண்டும். போகவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். பத்து வினாடி தாண்டிப் பிடித்திருந்து "இப்போ" என்று டிரிகரைப் பிடுங்குகிறவர்கள் எல்லோரும் இடது கீழ்மூலையில் ஆறு வாங்குவார்கள். இறக்கிவைக்கக் கூச்சப்படாதீர்கள். அறுபது ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அவசரம் எதுவும் இல்லை.

டிரிகரை விரலின் முதல் கணுவுக்கு முந்திய சதையால் நேராகப் பின்னுக்கு, சீராக அழுத்துங்கள். ஷாட் போனபிறகும் ஒன்று, இரண்டு எண்ணும்வரை அதே நிலையில், அதே சைட்டைப் பார்த்தபடி நில்லுங்கள். பெல்லட் எங்கே விழுந்தது என்று உடனே எட்டிப்பார்க்கிற ஆவல் இருக்கிறதே, அதுதான் அடுத்த ஷாட்டைக் கெடுக்கிறது. சிலருக்கு அது அந்த ஷாட்டையே கெடுக்கும், தலை முன்கூட்டியே கிளம்பிவிடுவதால்.

சைட் திருகுவது கடைசி வேலை. ஐந்து ஷாட் ஒரே இடத்தில் கூட்டமாக விழாதவரை திருகைத் தொடாதீர்கள். கூட்டம் இடப்புறம் விழுந்தால் ரியர் சைட் வலப்புறம் போக வேண்டும், கீழே விழுந்தால் மேலே. சில பிஸ்டல்களில் திருகின்மேல் உள்ள எழுத்து சைட் போகும் திசையைக் காட்டாது, பெல்லட் விழுந்த திசையைக் காட்டும். ஒரு தரம் திருகிச் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் பழக டார்கெட்டும் வேண்டாம், பெல்லட்டும் வேண்டாம். வெள்ளைச் சுவர் போதும். போட்டிப் பிஸ்டல்களில் பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை மட்டும் பழகும் வசதி உண்டு. சுவரைப் பார்த்து நின்று, டிரிகர் விழும்போது ஃப்ரண்ட் சைட் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். ஸ்பிரிங் வைத்த, மடக்கிச் சுடும் ரகத்தில் இதைச் செய்யக் கூடாது. பெல்லட் இல்லாமல் விட்டால் உள்ளே பிஸ்டன் போய் முட்டி சீல் கெடும். துப்பாக்கியே இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துப் பழகலாம், பிஸ்டலின் எடை ஏறக்குறைய அதுதான்.

கடைக்காரியாகச் சில வார்த்தை

காலையில் டிகாஷன் தூக்கலாக ஒரு காபி குடிப்பவர் சுடப் போகும் அன்றைக்கு மட்டும் திடீரென நிறுத்தினாலும் கை நடுங்கும், தலைவலிக்கும். வழக்கமாகக் குடிப்பதையே, சற்று முன்கூட்டிக் குடியுங்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

கை நடுக்கத்துக்கு, மேடைப் பயத்துக்கு என்று புரொப்ரனோலால் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அது பீட்டா பிளாக்கர் வகை, சீட்டு இல்லாமல் தரமாட்டேன். அதோடு துப்பாக்கிச் சுடுதலில் இந்த வகை மருந்து முழுக்கவே தடைசெய்யப்பட்டது, போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலாலோ மெட்டோப்ரோலாலோ சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பொழுதுபோக்காகச் சுடுவதற்கு ஒரு தடையும் இல்லை. பெரிய போட்டிகளுக்குப் போகிற எண்ணம் வந்தால் மருத்துவரிடமும் கிளப்பிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணாடிதான் பெரிய பிரச்சினை. புரோகிரசிவ் லென்ஸிலும் பைஃபோகலிலும் தலையைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்பப் பவர் மாறும், ஃப்ரண்ட் சைட் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. கண் மருத்துவரிடம் "கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குச் சற்று அப்பால் கூர்மையாகத் தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். பொதுவாகத் தூரப் பவரோடு அரை அல்லது முக்கால் பிளஸ் கூட்டி ஒற்றைப் பவர் லென்ஸ் தருவார்கள். சுடாத கண்ணை இடுக்கி மூட வேண்டாம், இரண்டு கண்ணும் சேர்ந்து களைத்துப்போகும். அந்தக் கண்ணாடிமேல் வெள்ளை டேப் ஒட்டிவிடுங்கள், வெளிச்சம் வரும், உருவம் வராது.

அப்புறம் ஈயம். பெல்லட்டைத் தொட்ட விரலில் கறுப்பாகப் படிவது அதுதான். அந்தக் கையோடு பஜ்ஜி சாப்பிடாதீர்கள். சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சானிட்டைசர் ஈயத்தை எடுக்காது. சுடும் மேசையில் டீ கிளாஸ் கூடாது. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோட் செய்கிற பழக்கம் பெரியவர்கள் சிலரிடம் உண்டு, பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் ரேஞ்சுக்குப் போட்ட ஷூவை வாசலோடு விடுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். டார்கெட்டுக்குப் பின்னால் சேரும் ஈயத் தூளை வறண்ட துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்ப விடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து

சரி, இன்னும் ஆசை போகவில்லை. வாங்கலாம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத பேரல் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத பெல்லட் ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் ஐந்தாறு ஜூல்தான். கடைக்காரர் அடையாள அட்டை நகல் வாங்குவார், கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், நகல் ஒன்று துப்பாக்கிப் பெட்டியிலேயே இருக்கட்டும். நகலே கேட்காமல் "தூக்கிட்டுப் போங்க" என்கிற இடத்தில் வாங்காதீர்கள். ஸ்பிரிங்கை மாற்றி, வால்வைக் கடைந்து "பவர் ஏற்றித் தருகிறேன்" என்கிறவரிடம் அறவே போகாதீர்கள். 20 ஜூலைத் தாண்டினால் அது உரிமம் வேண்டிய ஆயுதம், உங்கள் கையில் உரிமம் இருக்காது. 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அவ்வளவு ஆற்றலும் தேவையில்லை.

உரிமம் வேண்டாம் என்றால் பொம்மை என்று அர்த்தமாகாது. ஐந்து ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கத் தாராளம்.

வால்தர், ஸ்டையர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ் என்று போட்டிப் பிஸ்டல்கள் எல்லாம் இறக்குமதி, விலை இலட்சங்களில். ஆகவே பழையது வாங்குகிறவர்கள் நிறைய. வாங்கும்போது எல்லோரும் பேரலைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். அழுத்தக் காற்று நிரப்பும் அந்தக் குழாயின்மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பல நிறுவனங்கள் பத்து ஆண்டுதான் ஆயுள் தருகின்றன. அது முடிந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். 200 பார் அழுத்தம் தாங்குகிற பொருள் அது, உங்கள் முகத்துக்கு நேரே, கை நீட்டும் தூரத்தில் இருக்கப்போகிறது. ஆயுள் முடிந்தது என்றால் புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். காற்று நிரப்பி ஓர் இரவு வைத்து மறுநாள் காலை அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மரப் பிடி உங்கள் கை அளவுக்கானதா, வலது கைக்கா இடது கைக்கா என்பதும் முக்கியம். கொஞ்சம் பெரிதாக இருந்தால் அரத்தால் ராவலாம், சிறிதாக இருந்தால் மரப் புட்டி வைத்து ஏற்றலாம், அது எல்லோரும் செய்கிற வேலைதான்.

சிலிண்டரில் சுத்தமான காற்று மட்டுமே, ஆக்சிஜன் ஒருநாளும் கூடாது. உள்ளே ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் வெடித்துவிடும். ஆஸ்பத்திரிக்கு சப்ளை செய்கிற நண்பர் இருக்கிறார் என்று அங்கே போய் நிரப்பிவரப் பார்த்த ஒருவரை நானே தடுத்திருக்கிறேன். நிரப்பிய சிலிண்டரோடு பெட்டியை வெயிலில் நிற்கிற காரில் விட்டுப்போவதும் அதே ரகம்.

வீட்டில் இருக்கும்போது

கடையில் எல்லா மருந்தும் அலமாரியில் கண்ணெதிரே இருக்காது, சிலது பூட்டுக்குள். துப்பாக்கியும் அப்படித்தான். பூட்டுள்ள பெட்டி, அந்தப் பெட்டி பூட்டுள்ள பீரோவில். பெல்லட் டின் வேறு அறையில். சிலிண்டரைக் கழற்றித் தனியே வைத்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் காற்று உள்ளே இருக்கட்டும், சீல் காயாது. சேஃப்டி ஃப்ளாக் வீட்டிலும் செருகியே இருக்க வேண்டும். சாவி உங்களிடம் மட்டும். பூஜை அலமாரி, கேலண்டர் ஆணி, அரிசி டப்பா ஆகிய மூன்றும் சாவி மறைக்கிற இடங்கள் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அவை நன்றாகத் தெரியும்.

உண்மையான சோதனை விருந்தாளிகள் வரும்போதுதான். தீபாவளிக்கு வீடு நிறைந்திருக்கும், சாப்பாடு முடிந்திருக்கும். "ஏம்மா, துப்பாக்கி வச்சிருக்கியாமே, கொஞ்சம் காட்டேன்" என்று பெரிய மாமா கேட்பார். பின்னாலேயே அண்ணன் பிள்ளைகள் நாலு பேர். மாமாவிடம் முடியாது என்று சொல்வது நம் வீடுகளில் சுலபமில்லை. நான் பழகிய பதில்: "மாமா, அது கிளப் விதி, வீட்டில் யாருக்கும் எடுத்துக் காட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாங்க, நானே சுட வைக்கிறேன்." விதி என்றால் யாருக்கும் கோபம் வராது. வருகிறேன் என்று சொன்னவர்களில் நிஜமாகவே வந்தவர்கள் மிகக் குறைவு. வந்த ஒரு சித்தி மட்டும் இப்போது என்னைவிட நன்றாகச் சுடுகிறார்.

ஆனால் உங்கள் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாத பிள்ளைதான் திறந்து பார்க்கும். கிளப்புக்கு அழைத்துப் போய், கோச் முன்னால் காட்டி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டால் பீரோவின்மேல் இருக்கிற மர்மம் போய்விடும். பூட்டு மட்டும் போகக் கூடாது.

மொட்டை மாடியில் சுடாதீர்கள். கைப்பிடிச் சுவரில் காகிதம் ஒட்டிச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறிய பெல்லட் நூறு மீட்டரைத் தாண்டியும் போகும், அடுத்த தெருவில் யார் துணி காயப்போடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. சிமென்ட் சுவரில் பட்டால் உங்களை நோக்கியே திரும்பி வரும். மைனா, மரங்கொத்தி, கொக்கு என்று பறவைகள்மேல் கை வைப்பவர்களோடு நான் பேசுவதே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அதோடு அதற்குப் பெயர் விளையாட்டும் அல்ல.

எழுதத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருந்தால், குடி அதிகமாகியிருந்தால், சண்டை முற்றியிருந்தால், அந்தக் காலம் முழுவதும் துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். கிளப் லாக்கரில் கொடுத்துவிடுங்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தாலும் இதுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல கிளப்பில் கேட்கவும் மாட்டார்கள்.

கிளப்புக்குப் பேருந்தில் போகும்போது பெட்டியைப் பூட்டி, கிளப் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். போலீஸ்காரர் கேட்டால் "இது துப்பாக்கி" என்று தொடங்காமல் "ரைஃபிள் கிளப்பிலிருந்து வருகிறேன், விளையாட்டு ஏர் பிஸ்டல், இதோ அட்டை, இதோ பில்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். திறக்கச் சொன்னால் அவரையே பக்கத்தில் வைத்து மெதுவாகத் திறந்து, முதலில் ஃப்ளாக்கைக் காட்டுங்கள். விமானத்தில் கைப்பையில் போகாது, செக்-இன் லக்கேஜில் முன்கூட்டியே சொல்லித்தான் போக வேண்டும்.

நிஜ வெடிமருந்துத் துப்பாக்கி

.22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளுக்கோ பிஸ்டலுக்கோ போக விரும்புகிறவர்களுக்கு இது வேறு உலகம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். சென்னையில் காவல் ஆணையர், மாவட்டங்களில் ஆட்சியர் தருவார். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், உரிமம் ஐந்து ஆண்டுக்கு. திருமணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால்கூட இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதே திருத்தம் சொல்கிறது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள், இரசீதைத் தொலைக்காதீர்கள். கௌரவத்துக்காக உரிமம் வாங்கி, வருடக்கணக்கில் சுடாமல் பீரோவில் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகாத கையில் இருக்கிற துப்பாக்கியால் வீட்டுக்காரருக்குத்தான் ஆபத்து.

முதல் போட்டி

கிளப் அளவில் ஒரு போட்டி வந்தால் ஸ்கோரைப் பற்றி யோசிக்காமல் பெயர் கொடுங்கள். அங்கிருந்து மாநிலம், மண்டலம், பிறகு மாவ்லங்கர் பெயரிலான அகில இந்தியப் போட்டி என்று பாதை போகும். 1951-ல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் தலைவர் அவர், மக்களவையின் முதல் சபாநாயகரும் அவர்தான்.

சுடுவதற்கு முன் உபகரணச் சோதனை. பிஸ்டலின் எடை 1.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும், 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். டிரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள், எடை மேலே வரும்வரை டிரிகர் விழக் கூடாது. முந்தின நாளே கிளப்பில் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள், வெயிலும் தூசியும் டிரிகரின் அழுத்த அளவை மாற்றிவிடும். பிறகு 15 நிமிடம் ஆயத்தமும் சோதனை ஷாட்டும், அதன்பின் அறுபது ஷாட். முதல் பத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது கையில் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பிஸ்டலை இறக்கிவைத்து நாற்காலியில் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு.

பெல்லட் டின் இரண்டாக எடுத்துப் போங்கள். பதற்றத்தில் ஒன்று கட்டாயம் தரையில் கொட்டும். கீழே விழுந்த பெல்லட்டின் பாவாடை (விரிந்த பின்பகுதி) நசுங்கியிருக்கும், பொறுக்கிச் சுடாதீர்கள்.